மனோர் பார்க்கில் ஒரு சணல் வழக்கு

லண்டனில் நான் கண்விழித்த முதல் காலையில், யன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் விடாமல் கிளிநொச்சியிலிருந்து என்னுடைய மனுசனின் அழைப்பு வந்துவிட்டது. சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா, குளிரா, ஏதாவது சாப்பிட்டாயா என்று ஒரு சொல் இல்லை.

"இஞ்சேரப்பா, சணல் மொட்டு வைச்சிட்டுது. என்ன செய்யிறது?"

"உழுறது. வேறை என்ன செய்யிறது?"

"அவர் உழ வேண்டாம் எண்டவரெல்லே."

அவர் என்றால் குணம் அண்ணை. நாங்கள் செய்கிற மூன்று ஏக்கர் வயலின் சொந்தக்காரர். லண்டனில், மனோர் பார்க்கில் இருக்கிறார். நாங்கள் குத்தகைக்காரர், எழுத்து இல்லை, வாய்ச் சொல்தான்.

சணல் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாரியில் விளைகிற காலபோக நெல்லை வெட்டி ஏற்றிய கையோடு, நிலத்தில் ஈரம் காய முதல் சணல் விதையை வீசிவிடுவோம். அது தின்பதற்கும் இல்லை, விற்பதற்கும் இல்லை. பயறு, உழுந்து வகையைச் சேர்ந்த செடி. காற்றில் உள்ள சத்தைப் பிடித்து வேரில் இருக்கிற முடிச்சுகளில் வைத்துக்கொள்ளும். இடுப்பளவு வளர்ந்து முதல் மொட்டு வெடிக்கிற நேரம் பார்த்து உழவு மெசினை இறக்கி, பச்சையாகவே புரட்டி மண்ணுக்குள் தாட்டுவிட வேண்டும். உக்கினால் அடுத்த நெல்லுக்கு அதுதான் பசளை. பிந்தினால் தண்டு முற்றி நாராகும், சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும். பிறகு அதை வைத்துக் கயிறு திரிக்கலாம், நெல் விளைவிக்க முடியாது. கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற சிறுபோகத்தில், போன முறை சணல் தாட்ட துண்டில் பயிர் கரும்பச்சையாக நின்றது. யூரியா மூட்டைக்காக நாங்கள் நாயாய் அலைந்ததும் அந்த முறை குறைவு.

இந்த முறையும் எங்கள் வாய்க்காலுக்குச் சிறுபோகத் தண்ணீர் உண்டு என்று குளத்து விவசாயிகள் கூட்டத்தில் தீர்மானித்து, திறக்கும் நாளையும் குறித்துவிட்டார்கள். அதற்குள் சணல் தாழ்ந்து உக்க வேண்டும். தண்ணீர் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்காது.

இப்படி இருக்கும்போது, நான் விமானம் ஏறுகிற நேரம் பார்த்து என்னுடைய மனுசன் ஒரு வீரச்செயல் செய்தார். வரம்போரம் முந்திப் பூத்த கொஞ்சச் செடிகளைக் கைபேசியில் வீடியோ பிடித்து, பின்னால் ஒரு பாட்டும் போட்டு, காணிக்காரர் சந்தோஷப்படுவார் என்று குணம் அண்ணைக்கு அனுப்பினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். உடனே பதில் வந்தது. மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது, கலியாணப் படம் இந்த மஞ்சள் பூவுக்குள்தான், அடுத்த மாதம் குடும்பமாக வருகிறோம், வந்து போகும்வரை உழ வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து மணமக்கள் எல்லாம் சணல் வயல் தேடி வந்து படம் எடுக்கிற காலம் இது. ஆனால் அடுத்த மாதம் அந்த வயலில் இருக்கப்போவது நார்.

என்னை லண்டனுக்குக் கூப்பிட்டது அக்காவின் முழங்கால். ஒப்பரேசன் செய்திருந்தார்கள், சமைத்துப் போட ஆள் வேண்டும். நெல் வெட்டியாயிற்று, சணல் தானாக வளரும், போய்விட்டு வருவோம் என்று வந்தவள் நான். வந்த இடத்தில் சமையலோடு வழக்கும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் சனிக்கிழமை, மரக்கறி வாங்க அப்பர் டூட்டிங் றோட்டுக்குப் போனேன். அக்கா இருக்கிற டூட்டிங்கில் எங்கள் ஆட்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முருங்கைக்காயைக் கண்ணாடித் தாளில் சுற்றி நோயாளியைப் போலப் படுக்கவைத்திருந்தார்கள். மொட்டைக்கறுப்பன் அரிசி, ஒடியல் மா, கருவாடு எல்லாம் இருந்தன. எங்கள் ஊர்ச் சந்தையில் நான் தேடிக் களைத்த நல்ல பிலாக்கொட்டையை அங்கேதான் கண்டேன். வெட்கக்கேடு.

கல்லாவில் நின்றவர் பிரான்சிலிருந்து இங்கே மாறி வந்தவராம். என்னுடைய செருப்பையும் இரட்டைக் கம்பளிச் சட்டையையும் பார்த்ததுமே பிடித்துவிட்டார்.

"அக்கா ஊரிலை இருந்தோ? எந்தப் பக்கம்?"

"கிளிநொச்சி."

"அட! சணல் பூக்கிற காலமெல்லே அங்கை? நில்லுங்கோ, ஒரு சாமான் காட்டுறன்." கைபேசியை எடுத்து நீட்டினார். "ஆரோ எங்கடை குறூப்பிலை போட்டவை. என்ன வடிவு பாருங்கோ!"

பார்த்தேன். மஞ்சள் பூ, காற்று, பாட்டு. பாட்டுக்கு நடுவில் ஒரு இருமல். இருபத்தைந்து வருடமாக எனக்குப் பக்கத்தில் படுத்து இருமுகிற இருமல்.

"ஓம், வடிவுதான்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயைப் பையில் போட்டேன். வேறு என்னத்தைச் சொல்ல?

வழியில் ஒரு கடையில் கொத்துரொட்டி தின்றேன். ஊரில் கொத்து அடிக்கிற சத்தம் கேட்டாலே தெரு முழுக்கப் பசி எடுக்கும். இங்கே குசினியைக் கதவு போட்டு அடைத்துவைத்து மெதுவாக அடிக்கிறார்கள். உறைப்பும் அப்படித்தான். ஆனாலும் குளிருக்குச் சூடாக இறங்கியது, ஊரில் ஒரு சோற்றுப் பருக்கையும் மிச்சம் வைக்காதவள் இங்கே ஒரு துண்டு ரொட்டியும் மிச்சம் வைக்கவில்லை.

கதையைக் கேட்ட அக்கா கட்டிலில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னாள். "வசந்தி, போனிலை கேட்டியெண்டால் இல்லையெண்டு சொல்லுறது அவருக்குச் சுகம். முகத்தைப் பாத்துச் சொல்லுறது கஷ்டம். நேரை போ. வெறுங்கையோடை போகாதை."

ஊரிலிருந்து அக்காவுக்கென்று கொண்டுவந்த பயத்தம் பணியாரத்தில் பாதியை அக்கா கண்முன்னாலேயே ஒரு தகரப் பேணியில் போட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சொன்னவள் அவள்தானே.

வருகிறேன் என்று அக்காவைக் கொண்டு சொல்லிவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயிலில் அத்தனை பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எங்கள் பஸ்ஸில் என்றால் பக்கத்து ஊர் பரந்தன் தாண்ட முதல் பக்கத்தில் இருப்பவரின் மூன்று தலைமுறை தெரிந்துவிடும். நடுவில் இறங்கி ஊதா நிற ரயிலுக்கு மாற வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். மாறினேன். அந்தப் பாதை போகப் போக இரண்டாகப் பிரிகிறது என்பதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மனோர் பார்க் வரும் வரும் என்று இருந்தேன். ஆற்றுக்குக் கீழால் போய், வெளிச்சம் வந்து, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பலகையில் அபே வூட் என்று எழுதியிருந்தது. ரயிலுக்கு அதற்கு மேல் போக இடமில்லை.

தலையில் வண்ணத் துணி கட்டிய ஆபிரிக்கப் பெண் ஒருத்தி சக்கரப் பையோடு இறங்கிப் போனவள், நான் முழிப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தாள். என்னுடைய ஆங்கிலம் பத்தாம் வகுப்போடு நின்றது, ஆனாலும் விளங்கியது. "பயப்பிடாதேயுங்கோ. வந்த புதிசிலை நானும் இப்பிடித்தான், மாறி மாறி இஞ்சை வந்து இறங்குவன்" என்றாள். என் தோளைப் பிடித்து எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றி, தானும் வாசலில் நின்று, எந்த இடத்தில் இறங்கி மாற வேண்டும் என்று என் கைபேசியில் குறித்துத் தந்தாள். பேணியைத் திறந்து ஒரு பணியாரம் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு இது என்ன என்று கேட்டாள். பயறு, அரிசிமா, தேங்காய்ப்பூ, சர்க்கரை என்று கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினேன். அவள் நாட்டிலும் மூன்று நேரமும் சோறுதானாம். இன்னும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

மனோர் பார்க்கில் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் இந்த வீட்டில் மணக்கும். கதவைத் திறந்த குணம் அண்ணை, நான் பிந்தியதால் பயந்துபோய் மூன்று முறை அக்காவுக்கு அழைத்திருந்தார்.

"அபே வூட்டுக்கோ போனனீங்கள்? பரவாயில்லை தங்கச்சி, நாங்களும் முதல் ஜெர்மனிக்குப் போய்த்தான் இஞ்சை வந்தனாங்கள்" என்று சிரித்தார்.

தனியே இருக்கிறார். மனைவி காலமாகி நான்கு வருடம். கூடத்தில் மனைவியின் படத்துக்கு முன்னால் சின்ன மின்விளக்கு. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று பார்த்து இப்போது ஓய்வு. கடையில் வாங்கிய இடியப்பம், தானே வைத்த சொதி, சம்பல் என்று மேசை நிறைத்திருந்தார். சொதியில் பால் கொஞ்சம் திரைந்திருந்தது. அதைச் சொல்வேனா? நல்லாயிருக்கு என்று இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

நான் சணல் என்று வாய் திறந்ததும் எழும்பிவிட்டார். "முதல் என்ரை தோட்டத்தைப் பாருங்கோ. பேந்து வயலைப் பற்றிக் கதைப்பம்."

கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கிற தோட்டத் துண்டுகள் பக்கத்தில்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு கீற்று நிலம், ஒரு மரப்பெட்டி போல் கொட்டில். குணம் அண்ணையின் துண்டில் வெங்காயம் முளைவிட்டிருந்தது. மிச்ச இடம் முழுக்க ஒரு வகை அவரை, என் மார்பளவுக்கு நின்றது. கறுப்புப் பொட்டு வைத்த வெள்ளைப் பூ. குளிர்காலம் முழுக்க நின்று தாக்குப்பிடித்த செடியாம்.

பக்கத்துத் துண்டு ஒரு வெள்ளைக்கார அம்மாவுடையது. அவவும் அதே அவரைதான் போட்டிருந்தா. ஆனால் மண்வெட்டியால் அடியோடு கொத்திக் கொத்தி மண்ணுக்குள் புரட்டிக்கொண்டிருந்தா. எனக்குப் புல்லரித்துவிட்டது. அடி ஆத்தை! எங்கள் வேலை! சணலுக்குப் பதில் அவரை, உழவு மெசினுக்குப் பதில் ஒரு கிழவியின் கை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவ நிமிர்ந்து குணம் அண்ணையைக் காட்டி என்னிடம் சொன்னா: "விதை கொடுத்ததே நான்தான். பூக்கத் தொடங்க வெட்டு, வெட்டு என்று ஒவ்வொரு வருசமும் சொல்கிறேன். இவர் மண்வெட்டியோடு வந்து கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்."

"பூத்துக் கிடக்கிறதை எப்பிடித் தங்கச்சி வெட்டிறது?" என்றார் அவர். "காய்க்கப்போறதை அழிக்கிறது பாவமெல்லே. போன வருசம் விட்டன், நல்லாக் காய்ச்சுது. சமைச்சன். கொஞ்சம் கயர்ப்பு."

"பேந்து வெங்காயம் எப்பிடி வந்தது?"

"அது சின்னன்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் முடிச்சுகள் மணி மணியாகத் தொங்கின. ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. "இது இப்ப உயிரோடை வேலை செய்யுது, அண்ணை. காய் பிடிக்கத் தொடங்கினால் இந்தச் சிவப்புப் போயிடும். எங்கடை சணலும் இதுதான். பூ வடிவா இருக்கும், மண்ணுக்கு ஒண்டும் மிஞ்சாது. நெல்லுக்கு நாங்கள் என்னத்தைக் குடுக்கிறது?"

பெரிய உபதேசம் செய்த திருப்தியோடு அவரைப் பார்த்தேன்.

"விளங்குது" என்றார்.

"விளங்கினால் உழச் சொல்லுங்கோவன்."

"உது எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்? இந்த அம்மா எத்தினை வருசமாச் சொல்லுறா." கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்தார். "என்ரை மகள் அபி வாறன் எண்டிட்டாள், தங்கச்சி. தாய் இருக்கேக்கை ஊருக்குக் கூப்பிட்டம், படிப்பு, சோதினை எண்டாள். பேந்தும் ஒருக்காக் கூப்பிட்டம், வேலை எண்டாள். தாய் போன பிறகு நான் கேக்கிறதை விட்டிட்டன். உங்கடை மனுசன் அனுப்பின பூவைக் காட்டின பிறகுதான் 'ஓகே அப்பா' எண்டவள். அந்தப் பூவையும் உழுது போட்டால் அவள் எதுக்கு வரப்போறாள்? சேறு பாக்கவோ?"

"றோட்டோரமா ஒரு துண்டை மட்டும் விடட்டோ?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"மேலை பறந்து எடுக்கிற கமராவாம். ஒரு பக்கமும் மண் தெரியக்கூடாது, முழுக்க மஞ்சளா இருக்கவேணும் எண்டு படம் எடுக்கிறவன் சொல்லிப்போட்டான்."

பிள்ளை வரவேணும் என்றால் பிள்ளையைக் கூப்பிட வேண்டியதுதானே, பூவை ஏன் தூது அனுப்புகிறீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். குத்தகைக்காரி நான். அவர் சொல்லை மீறி உழுதால் அடுத்த போகம் அந்த வரம்பில் வேறு யாரோ நிற்பார்கள். அந்தத் துண்டைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் அவருக்கு அழைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. புறப்படும்போது ஒரு பை நிறைய வெந்தயக் கீரை பிடுங்கித் தந்தார். "அபி உங்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலைதான் வேலை, கை கால் பயிற்சி குடுக்கிறவள். அக்காவின்ரை காலை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுறன்" என்றார். நல்ல மனிதர். அதுதான் எரிச்சல்.

திங்கட்கிழமை முழுக்கத் தூறல். லண்டன் மழை எங்கள் மழையைப் போல் வந்து அடித்துவிட்டுப் போகாது, பிள்ளை சிணுங்குவது போல் சிணுங்கிக்கொண்டே இருக்கும். கீரையை வதக்கிக்கொண்டிருக்கும்போது என்னுடைய மனுசன் அழைத்தார்.

"பூ வெடிக்கத் தொடங்கீட்டுதப்பா. மெசின்காரன் புதன்கிழமை காலமை வாறன் எண்டவன். அதை விட்டால் அக்கராயன் பக்கம் போயிடுவானாம், பிறகு எப்ப வருவானெண்டு தெரியாது."

"குணம் அண்ணை ஓம் எண்டு சொல்லேல்லை."

"நான் ஒண்டு சொல்லட்டே? உழுது போட்டு, மாடு இறங்கித் திண்டிட்டுது எண்டு சொன்னால் என்ன?"

"விசர்க் கதை கதையாதேங்கோ! வீடியோ அனுப்பின கையாலை இப்ப பொய்யும் அனுப்பப் போறியளோ? கையை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

சும்மா இருங்கோ என்று சொல்லிவிட்டேன், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீரை அடிப்பிடித்துவிட்டது. சணல் இல்லையென்றால் உர மூட்டை, அதுவும் கிடைத்தால்தான். கிடைக்காவிட்டால் நோஞ்சான் பயிர்.

அன்று பின்னேரம் அபி வந்தாள். ஆஸ்பத்திரிச் சட்டை, முதுகில் பை, கையில் தோடம்பழம். "வணக்கம் அன்ரி" என்றதோடு தமிழை ஓரமாக வைத்துவிட்டு அக்காவின் காலைப் பிடித்தாள். மடக்குங்கோ, நீட்டுங்கோ, இன்னும், இன்னும். அக்கா முருகா முருகா என்று கத்தினாள். கத்தக் கத்த இவள் தட்டிக்கொடுத்து இன்னும் மடக்கினாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக் கொடுத்தேன். கையால் பிசைந்து அழகாகச் சாப்பிட்டாள். சாப்பாட்டுக்கு நடுவில் தும்மல் பிடித்துக்கொண்டது, ஒன்றன்பின் ஒன்றாக. மேசையில் அக்காவுக்கு யாரோ கொண்டுவந்த பூங்கொத்து இருந்தது.

"சொறி அன்ரி, அந்தப் பூவைக் கொஞ்சம் அங்காலை வைக்கலாமோ? பூத்தூள் எனக்கு ஒத்துவராது. ஒவ்வொரு வருசமும் இந்த நேரம் முழுக்க இப்பிடித்தான்."

நான் பூவைத் தூக்கிக்கொண்டு நடு வீட்டில் நின்றேன்.

"பூ ஒத்துவராத பிள்ளை, மூண்டு ஏக்கர் பூவுக்கை நிண்டு என்ன படம் எடுக்கப்போறாய்?"

சிரித்தாள். சிரிப்போடு இன்னொரு தும்மல். "மாத்திரை போட்டுக்கொண்டு நிப்பன். அப்பாவுக்கு விருப்பம்."

"உனக்கு?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். இனி அவள் சொன்னது பெரும்பாலும் ஆங்கிலம், இடையிடையே தமிழ். விளங்காத இடத்தில் அக்கா எடுத்துக் கொடுத்தாள். என்னுடைய தமிழில் தருகிறேன். அவளுக்குப் படம் எடுப்பதே பிடிக்காதாம். கட்டப்போகிற பெடியனுக்கும் அப்படித்தானாம். தாய் இறந்த பிறகு அப்பா அவளிடம் எதையும் கேட்டதில்லை. வா என்றும் இல்லை, நில் என்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் சமைத்து வைத்திருப்பார், சாப்பிட்டியா என்பார், அவ்வளவுதான். நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒன்றைக் கேட்டார்: இந்தப் பூவுக்குள் வந்து நிற்பாயா என்று. எப்படி மாட்டேன் என்பது?

"அப்ப பூ இல்லாட்டி?"

"பூ இருந்தால் என்ன, சேறாக் கிடந்தால் என்ன அன்ரி. நான் போறது அப்பாவைப் பாக்க. இஞ்சை அவர் எப்பவும் கொஞ்சம் குனிஞ்சுதான் நடக்கிறவர், நீங்கள் பாக்கேல்லையோ? பஸ்ஸிலை, கடையிலை, ஆரும் கொஞ்சம் சத்தமாக் கதைச்சால் இன்னும் குனிவார். தன்ரை காணியிலை அவர் எப்பிடி நிக்கிறார் எண்டு எனக்கு ஒருக்காப் பாக்கவேணும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது, ஆனால் வாய் என் பேச்சைக் கேட்காது. "இதை ஏன் பிள்ளை நீ அப்பரிட்டைச் சொல்லேல்லை? அவர் நீ பூவுக்காகத்தான் வாறாய் எண்டு, என்னை உழ விடாமல் பிடிச்சு வைச்சிருக்கிறார். புதன்கிழமை உழாட்டி எங்களுக்குப் போகம் போச்சு!"

உழவு, மொட்டு, தண்ணீர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "ஓ நோ" என்று மட்டும் சொன்னாள்.

"நான் நாளைக்குப் போய் அவரிட்டைச் சொல்லப்போறன்" என்றேன்.

"பிளீஸ் அன்ரி, அவர் மனம் நொந்து போவார்."

"எங்கடை ஆக்களின்ரை மனம் அவ்வளவு லேசிலை நோகாது. நீயே போனை எடுத்துச் சொல்லன்."

கைபேசியை எடுத்து அப்பாவின் எண்ணைத் தட்டப் போனாள். பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டாள். "எனக்கு அப்பாவோடை இப்பிடியெல்லாம் கதைக்க வராது. நீங்களே சொல்லுங்கோ."

செவ்வாய்க்கிழமை ரயில் எனக்கு அடங்கிவிட்டது. எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்குப் பக்கத்தில் இறங்கலாம் என்பதுவரை தெரிந்துவிட்டது. வழியில் இருக்கிற முருகன் கோயிலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றாமலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே குணம் அண்ணையின் கதவைத் தட்டினேன். முன்னறிவித்தல் இல்லாமல் வந்தவளைப் பார்த்து அவர் பதறிவிட்டார்.

"அக்காவுக்கு ஏதும்?"

"அக்காவுக்கு ஒண்டுமில்லை. உங்கடை மகள் பிடிச்ச பிடியிலை அவ ஓடுவா. அண்ணை, இருங்கோ, ஒரு கதை சொல்லவேணும்."

தேத்தண்ணி போடப் போனவரை மறித்து இருத்தினேன். தொலைக்காட்சியில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். அபி சொன்னதை முதலிலிருந்து சொன்னேன். பூத்தூள் ஒத்துவராது என்றபோது, "ஓமோம், சின்னனிலை இருந்து" என்று தலையில் கைவைத்தார். நான்கு வருடமாக அப்பா தன்னிடம் எதுவும் கேட்டதில்லை, முதல்முறை கேட்டதற்கு எப்படி மாட்டேன் என்பது என்று அவள் சொன்னதைச் சொன்னபோது, கையை நீட்டித் தொலைக்காட்சியை நிறுத்தினார். கடைசியாக, அவர் தன் காணியில் எப்படி நிற்கிறார் என்று அவளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமாம் என்பதையும் சொன்னேன். குனிந்து நடப்பது என்ற இடத்தை விட்டுவிடுவோமா என்று ஒரு கணம் யோசித்தேன். விடவில்லை, அதையும் சொன்னேன்.

அவர் குனிந்து தன்னுடைய கைகளைப் பார்த்தார். போகமும் போச்சு, காணியும் போச்சு, இந்த வாயால் வந்த வினை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"மெசின் எப்ப வருது?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலமை."

"உழச் சொல்லுங்கோ. ஒரு செடியும் விட வேண்டாம். நல்லாத் தாட்டு உழட்டும்."

குசினிக்குள் ஓடிப்போய் என்னுடைய மனுசனுக்கு அழைத்தேன். "உழுங்கோ! அண்ணை ஓம் எண்டிட்டார்" என்றேன். என்ன மந்திரம் போட்டனி என்று கேட்டார். பேந்து சொல்லுறன், முதல் மெசின்காரனைப் பிடியுங்கோ என்று வைத்தேன்.

திரும்பி வந்தபோது குணம் அண்ணை கூடத்தில் இல்லை. நடையில், கோட்டுகள் தொங்குகிற இடத்தில் ஒரு நீளக் கண்ணாடி இருக்கிறது. அதற்கு முன்னால் நின்றார். தோளைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தை நிமிர்த்தி, தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு உயரமான மனிதரா இவர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் கோட்டை எடுக்க வந்தவர் போல ஒன்றைக் கழற்றினார், பிறகு அதையே திரும்பவும் கொளுவினார்.

"தங்கச்சி."

"சொல்லுங்கோ அண்ணை."

"பிள்ளை கடைசியாச் சொன்னதெண்டு சொன்னியளே, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன்.